மை பூசும் கவிஞருக்கு

புதுக் கலை ஒன்று வந்திருக்கிறது. பெயர், அழிப்புக் கவிதை! அச்சிட்ட பக்கமொன்றை எடுத்து, வேண்டாத சொற்களின்மேல் மை பூசி மறைத்து, எஞ்சி நிற்கும் நாலைந்து சொற்களைக் கவிதையென்று காட்டுவது. நன்று, நாமும் பார்த்தோம். காலை ஏட்டைக் கருப்பாக்கி, 'நிலவு', 'மௌனம்' என இரண்டை மட்டும் விட்டுவைத்துவிட்டுப் பூரித்துப் போகின்றனர் சிலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அச்செய்தி வந்த ஏட்டிலும் நிலவைத்தான் தேடுவார்களோ?

கலையை நாம் பழிக்கவில்லை, தோழர்களே! அழிப்பு நமக்குப் புதிதுமன்று. 1952 ஆகஸ்டு முதல் நாள், தார்ச்சட்டி ஏந்தி இரயில் நிலையங்களுக்குச் சென்றோர், பெயர்ப்பலகையில் இந்தியை மறைத்தனர், தமிழை நிற்கவிட்டனர். அதைக் கவிதையென்று எவரும் கொண்டாடவில்லை. ஆயினும், எதை அழிக்கிறோம், எதை நிறுத்துகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அறிந்து அழித்த கவிஞர் அயல்நாட்டிலும் உண்டு. 1781இல் 'சாங்' என்னும் அடிமைக் கப்பலிலிருந்து ஆப்பிரிக்க மக்கள் 130 பேருக்கு மேல் கடலில் எறியப்பட்டனர். வழக்கு வந்தது, கொலைக்காக அன்று, காப்பீட்டுத் தொகைக்காக! அந்தத் தீர்ப்பின் சொற்களையே உடைத்துச் சிதறடித்து, 2008இல் 'சாங்!' என்ற நூலைத் தந்தார் நூர்பெசே பிலிப் என்ற பெண் கவிஞர். தீர்ப்பில் இடம்பெறாத ஆப்பிரிக்கப் பெயர்களைப் பக்கத்தின் அடியில் பொறித்தும் வைத்தார். அழிப்பு என்றால் அது!

நம் கல்வராயன் மலையைப் பாருங்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அது அரசின் கைக்கு வந்தது. கல்லைப் புரட்டிக் காட்டைத் திருத்தி உழுதவர் மலையாளிப் பழங்குடியினர். உரிமை ஏட்டில் இருந்ததோ ஜாகீர்தார் பெயர்! வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஆயினும் என்ன? சாராயச் சாவுக்குப் பிறகுதான், 2024இல், சென்னை உயர்நீதிமன்றம் அம்மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாவு வந்து கதவைத் தட்டினால்தான் மலை கண்ணுக்குத் தெரிகிறது!

மை பூச ஏடு தேடும் இளைஞர்களே, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தை எடுங்கள். அதிகாரிக்கு உரிய சொற்களை மறையுங்கள். மலைமனிதனுக்கு எத்தனை சொல் மிஞ்சுகிறதென்று எண்ணுங்கள். அதை அச்சிடுங்கள், நாம் வாங்கிப் படிக்கிறோம்.

மலைமக்களின் பாட்டில் மட்டும் கைவைக்க வேண்டா. வாயில் வாழும் அப்பாட்டு ஏடேறியது மிகச் சொற்பம். எழுதப்படாததை எப்படி அழிப்பீர்? அங்கே மைப்புட்டியை மூடிவிட்டு எழுதுகோலைத் திறக்க வேண்டும். அதுவும் பட்டணத்துப் புலவர் ஒருநாள் மலையேறி, குறிப்பெடுத்து, தம் பெயரில் நூலாக்கிக்கொள்ளும் வேலை அன்று. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் படித்துவரும் பிள்ளைகள் தம் பாட்டிமார் பாடியதைத் தாமே எழுதட்டும். பாடியவள் பெயரை முதல் பக்கத்திலேயே போடட்டும்.