"வெட்டப்போற ஆடுதானே" என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தீபாவளி நெருங்குகிறது, ஆட்டுச் சந்தைகள் களைகட்டிவிட்டன. போன வாரம் ஒரு சந்தையில் குட்டியானை வண்டியில் ஆடு ஏற்றுவதைப் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஒருவர் காதையும் ஒருவர் பின்னங்காலையும் பிடித்து, மூட்டை எறிவதுபோல எறிகிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 32 ஆடுகள். "ஏம்ப்பா இப்படி?" என்றேன். "வெட்டப்போற ஆடுதானே சார்!" என்றார் ஒரு தம்பி.

நானும் கறி சாப்பிடுகிறவன்தான். சைவம் போதிக்க வரவில்லை. வெட்டுவது வேறு, வதைப்பது வேறு. சாகப்போகிற உயிருக்கு வலிக்காது என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். மோட்டார் வாகன விதிப்படி வண்டியில் ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் இடம், தடுப்போடு வேண்டும். அதாவது சுமார் 3.2 சதுர அடி. குட்டியானையின் தளம் 7 அடிக்கு 5 அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 35 சதுர அடி. வகுத்தால் 10 ஆடு. ஏற்றியது 32!

1978ஆம் ஆண்டு விதிகள் இன்னும் சொல்கின்றன: தளத்தில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் போட வேண்டும், காலைக் கட்டிப் படுக்கப் போடக்கூடாது. காரணம் இருக்கிறது. அசை போடும் பிராணி ஒருக்களித்துக் கிடந்தால் வயிற்றுக் காற்றை ஏப்பமாக வெளியேற்ற முடியாது. வயிறு உப்பி மூச்சு முட்டும். ஆட்டுக்குக் காறை எலும்பும் கிடையாது. முன்னங்காலை உடம்போடு பிடித்திருப்பது தசைதான். ஒற்றைக் காலில் தூக்கினால் அந்தத் தசைதான் கிழியும்.

"சட்டம் இருக்கிறதே, போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்" என்பீர்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்று அதில் இரண்டு டீயும் வடையும் வாங்கலாம். இதற்கு யார் பயப்படுவார்கள்?

"கட்டுப்படியாகாது சார்" என்கிற வியாபாரத் தம்பிகளுக்கும் பதில் உண்டு. மிதிபட்டுக் கன்றிய இடத்துக் கறியைக் கழித்துத்தான் போட வேண்டும். வழியில் ஓர் ஆடு செத்தால் அந்த நடையின் லாபமே போச்சு.

ஒழுங்காக ஏற்றுவது பெரிய வித்தையா? வண்டியின் பின்பக்கத்தை மேட்டில் அணைத்து நிறுத்துங்கள். மேடு இல்லையென்றால் அகலப் பலகையைச் சாய்த்து, வழுக்காமல் சாக்கைக் கட்டுங்கள். ஒரு கொத்து வேப்பங்குழை காட்டி, முன்னே போகிற ஆட்டை முதலில் ஏற்றுங்கள். மற்றவை தானாகவே பின்னால் வரும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்தொடைக்கு அடியில்.

என்னிடம் படித்தவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், ஆடு வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருக்கிறவர்களும் உண்டு. மற்ற எல்லோரும் கறி வாங்குகிறீர்கள். கிடா வெட்டோ, பக்ரீத்தோ, தீபாவளியோ, ஆடு பிடிக்கப் போகும்போது எப்படி ஏற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். எறிந்தால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாங்குகிறவன் சொன்னால்தான் விற்கிறவன் காதில் ஏறும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். "வெட்டப்போற ஆடுதானே" என்பதை மட்டும் பதிலாக எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்