பெருசு என்ன நினைக்கிறது?

விடியற்காலையில் மழை பிடித்தால் சில வீடுகளில் பாட்டி எழுந்துபோய்க் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். "கெழவிக்குத் தூக்கமே கெடையாது, நம்ம தூக்கத்தையும் கெடுக்குது" என்று பேரப்பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். மழை பெய்தால் மரம் நனைந்துபோகும், பால் வெட்டு நின்றுபோகும், அன்றைய கூலியும் போய்விடும் என்று முப்பது நாற்பது வருஷம் பயந்த உடம்பு அது. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும், அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியிலும், அந்தப் பயம் இன்னும் நாலு மணிக்கு எழுந்து உட்காருகிறது.

பாட்டாளித் தோழர்களே! பெரியவர்களைத் தினமும் பார்க்கிறோம். அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "பசியாறியாச்சா? மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அவர்கள் பேசாமல் இருப்பதால் உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தப்பு.

கொஞ்சம் வயசைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 90 வயதை ஒட்டி இருப்பவர் ஜப்பான்காரன் காலத்தில் சிறுபிள்ளை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டவர்கள் ஏராளம். சாவுச் செய்திகூட வந்து சேராத லயங்கள் உண்டு. அப்பா வருவார் என்று சடக்கைப் பார்த்து நின்ற பிள்ளைதான் இன்று நம் அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவாக இருக்கலாம். அவர் இன்னமும் சடக்கையே பார்ப்பது எதற்காக என்று நமக்கு எப்படித் தெரியும்?

80 வயதுக்காரர் அவசரகாலத்தில் வளர்ந்தவர். 1948 முதல் 1960 வரை நீடித்த காலம் அது. பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோனால்கூடக் குற்றம் என்று வாசலில் சோதனை போட்டார்கள். சோற்றை வீணாக்கினால் பாட்டி ஏன் அப்படிக் கத்துகிறார் என்று கேட்கும் மருமகள்மார் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்து 1969. குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். பெர்மிட் கிடைக்காதவர்கள், கிடைக்குமா என்று பயந்தவர்கள் என ஆயிரக்கணக்கான பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் போனான், தங்கச்சி இங்கேயே நின்றாள். கடிதம் கொஞ்ச நாள் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அந்தத் தங்கச்சிக்கு இப்போது 75 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். தீபாவளியன்று எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சமையல்கட்டுக்குப் போய் நிற்பதற்கு அடுப்புப் புகை மட்டும் காரணமாக இருக்காது.

எல்லாப் பெருசும் தெய்வம் என்று நாம் சொல்ல வரவில்லை. சம்சு குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவர்களும் அவர்களுக்குள்ளே இருக்கிறார்கள். புருஷன் செத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று மனசுக்குள்ளே வைத்திருக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள். பயம், ஆசை, கோபம், வெட்கம் எல்லாம் நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. தலை நரைத்ததால் மனசு வற்றிப்போவதில்லை.

அவர்கள் வாய் திறந்து கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. மகள் கல்யாணத்துக்குக் கொஞ்சம், மகன் மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம், வீட்டுக்கு முன்பணம் என்று அது கரைந்துபோனது. அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டிலேயே இன்று வெற்றிலைக்கு இரண்டு வெள்ளி கேட்கத் தயங்கி நிற்கிறார் பெரியவர். ஒரு காலத்தில் சம்பள நாளன்று பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, சொந்த உழைப்புக்குக் காசு எண்ணி வாங்கிய கை அது. கேட்டு வாங்குவது அந்தக் கைக்கு எவ்வளவு கூசும்!

ராத்திரியில் அவர்களுக்கு வேறு கவலையும் வரும். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, செம்பனையும் அழிந்து வீடமைப்பு வந்தது. புருஷனைப் புதைத்த தோட்டத்துச் சுடுகாடு இன்று எங்கே? தன்னை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? இதைப் பிள்ளைகளிடம் கேட்டால், "அபசகுனமாப் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை ஆகிவிட வேண்டாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சம்பளம் வந்ததும், அவர்கள் கேட்குமுன்னே பத்து இருபது வெள்ளியைக் கையில் வையுங்கள், எதற்கு என்று கணக்குக் கேட்காதீர்கள். பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் நின்றால், திருவிழாவுக்கு வருஷம் ஒரு தடவையாவது கூட்டிப்போங்கள். "சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "எத்தனை மரம் வெட்டுனீங்க பாட்டி? பால் வாளியை எப்படித் தூக்குனீங்க? ஆயாக்கொட்டகையில புள்ளைய விட்டுட்டு எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளை அந்தக் குரலைப் பதிவு செய்து வைக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சில கதைகளை அவர்கள் சொல்ல மாட்டார்கள். பேச்சு ஓர் இடத்தில் நின்று கண் கலங்கினால் மேலே நோண்டாதீர்கள். அது அவர்களுடைய சொந்தச் சொத்து. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அதுவே போதும்.

ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் சரித்திரப் புத்தகத்தில் நம்ம லயத்துக்குக் கிடைத்த இடம் குறைவு. மீதி எல்லாம் அஞ்சடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காருங்கள், தோழர்களே!