மலிவான சிகரத்தின் மீதித் தொகையை யார் செலுத்துகிறார்கள்?

ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இமயச் சிகரம் ஒன்றில் வழிகாட்டியின் துணையுடன் ஏறி இறங்க எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, விடை தேடும் முறையில்தான் தவறு இருக்கிறது. நான்கு நிறுவனங்களிடம் விலை கேட்கிறோம். அவற்றுள் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறோம். அதிலும் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். பேரத்தில் மிஞ்சிய பணத்தில் விலையுயர்ந்த மேலங்கி ஒன்றை வாங்கிக்கொண்டு, சிக்கனமாகத் திட்டமிட்டுவிட்டதாக மகிழ்கிறோம். இதைச் சிக்கனம் என்று ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை. மலைப்பயணத்தில் இவ்வாறு குறைக்கப்படும் பணம் ஒருவருடைய கூலியிலிருந்தோ, காப்பீட்டிலிருந்தோ, நம் உயிரைக் காக்க வேண்டிய ஓய்வு நாளிலிருந்தோதான் எடுக்கப்படுகிறது என்பதே நம் வாதம்.

பெயர் தரும் மயக்கம்

நேபாளத்தில் 'ட்ரெக்கிங் பீக்' என அழைக்கப்படும் சிகரங்களுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு, 1973இல் தொடங்கப்பட்ட நேபாள மலையேற்றச் சங்கத்திடம் இருந்து வருகிறது. ஐலண்ட் பீக் எனும் இம்ஜா சே, லோபுச்சே கிழக்கு, மேரா ஆகியவை இவற்றுள் பலரும் நாடுபவை. மேராவின் உயரம் 6,476 மீட்டர். லோபுச்சே கிழக்கு 6,119 மீட்டர். ஐலண்ட் பீக் ஏறத்தாழ 6,170 மீட்டர்.

'ட்ரெக்கிங்' என்ற சொல்லைக் கேட்டதும் நடந்தே போய்விடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. அது மெய்யன்று. ஐலண்ட் பீக்கில் வெடிப்புகள் நிறைந்த பனியாற்றைக் கடக்க வேண்டும். அதன்பின் செங்குத்தான பனிச்சுவரில், கட்டப்பட்ட கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். மேராவின் சரிவு அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் உயரம் மிகுதி. 5,500 மீட்டர் உயரத்திலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இப்படிப்பட்ட இடத்திற்குச் செல்வதற்கான செலவுத் திட்டத்தைச் சுற்றுலாவுக்கான செலவுத் திட்டம் போல எழுதக் கூடாது.

எது குறையும், எது குறையாது?

ஒரு பேக்கேஜ் விலையைப் பிரித்துப் பாருங்கள். சிகர அனுமதிக் கட்டணம் எல்லா நிறுவனத்திற்கும் ஒன்றே. ஐலண்ட் பீக்கிற்கு நீண்ட காலம் வசந்தத்தில் 250 டாலர், இலையுதிர் காலத்தில் 125 டாலர் என்று இருந்தது. இத்தொகை மாறக்கூடியது என்பதால், புறப்படும் ஆண்டுக்குரியதைக் கேட்டறிந்தே கணக்கில் எழுத வேண்டும். சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும், அப்பகுதி உள்ளாட்சியின் கட்டணமும் அவ்வாறே. லுக்லாவுக்குப் பறக்கும் விமானக் கட்டணத்திலும் பெரிய வேறுபாடு இராது. குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதற்கான வைப்புத் தொகையும் அனைவருக்கும் பொது.

இவையெல்லாம் அசையாதவை என்றால், ஒரு நிறுவனம் மற்றொன்றைவிட மிகக் குறைந்த விலை சொல்வது எங்ஙனம்? அசையக்கூடியவை நான்குதாம். ஒன்று, பயணத்தின் நாட்கள். இரண்டு, உடன் வருவோரின் எண்ணிக்கையும் அனுபவமும். மூன்று, அவர்களுடைய கூலி, உணவு, உடை, காப்பீடு. நான்கு, கயிறு, கூடாரம், மருந்து, ஆக்சிஜன் போன்ற பாதுகாப்புப் பொருட்கள். நம் பேரம் முழுவதும் இந்த நான்கின் மீதே போய் விழுகிறது. நிறுவனம் தன் இலாபத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஒரு வரம்புக்குப் பிறகு அது கைவைப்பது, எதிர்த்துப் பேச இயலாதவனின் பங்கில்தான்.

உம்ராவுக்கு மலிவான பேக்கேஜ் எடுத்தால், தங்கும் விடுதி ஹரமிலிருந்து தொலைவில் இருக்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கறிந்த செய்தி. அங்கே விலை குறைந்தால் நாம் கூடுதலாக நடக்கிறோம். மலையில் விலை குறைந்தால் வேறொருவர் கூடுதல் சுமையுடன் நடக்கிறார். வேறுபாடு சிறியதன்று.

நாட்களில் செய்யும் கஞ்சத்தனம்

மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நெறி. நாம்சே 3,440 மீட்டர். டிங்போச்சே 4,410 மீட்டர். சுக்குங் 4,730 மீட்டர். நாம்சேயில் இரண்டு இரவும், டிங்போச்சேயில் இரண்டு இரவும் தங்காத பயணத் திட்டம், உடலைச் சூதாட்டத்தில் வைக்கும் திட்டம். ஒவ்வொரு ஓய்வு நாளும் அறை வாடகை, உணவு, பணியாளர் கூலி எனச் செலவைக் கூட்டுவதால், விலை குறைக்கும் நிறுவனம் முதலில் வெட்டுவது அந்த நாளைத்தான்.

மேராவுக்குச் செல்லும் வழிகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். லுக்லாவிலிருந்து ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரமுள்ள ஜாத்ர்வா கணவாயைக் கடந்து நேரே செல்வது குறுக்குவழி. தெற்கே இறங்கிக் காட்டு வழியாகச் சுற்றிச் செல்வது நீண்ட வழி. குறுக்குவழியில் நாட்கள் மிச்சம், பணமும் மிச்சம். ஆனால் 2,850 மீட்டர் அளவிலுள்ள லுக்லாவிலிருந்து, உடல் பழகுமுன்பே அந்தக் கணவாயைக் கடக்க நேர்கிறது. நம்முடைய தடித்த மேலங்கி நம்மைக் குளிரிலிருந்து காக்கும். முதுகில் நம் மூட்டையைச் சுமந்து வருபவரிடம் அத்தகைய மேலங்கி இருக்கிறதா என்பதைப் பேக்கேஜ் விலை சொல்வதில்லை.

சுமப்பவர் யார்?

இமயத்தில் மூட்டை சுமப்பவர்கள் அனைவரும் ஷெர்பாக்கள் என்றும், அவர்களுக்குக் குளிரும் உயரமும் ஒரு பொருட்டே இல்லை என்றும் பலர் எண்ணுகிறார்கள். சுமையாளர்களுள் பெருந்தொகையினர் ராய், தமாங் போன்ற சமூகங்களைச் சேர்ந்த, தாழ்ந்த மலைக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வருபவர்கள். உயர நோய் நம்மைத் தாக்குவது போலவே அவர்களையும் தாக்கும். அந்நோயால் கைவிடப்பட்டு இறந்த ஓர் இளம் சுமையாளரின் மரணமே 1997இல் சர்வதேசச் சுமையாளர் பாதுகாப்புக் குழு உருவாகக் காரணமாயிற்று. நேபாளத்தில் ஒருவர் முப்பது கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்பது அக்குழு வலியுறுத்தும் வரம்பு.

இந்த முப்பது கிலோவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு பயணிகளுக்கு ஒரு சுமையாளர், ஆளுக்குப் பதினைந்து கிலோ என்பது வழக்கமான ஏற்பாடு. வெறும் நடைப்பயணத்திற்கு அது போதும். சிகரம் ஏறுவோர் இரட்டைத் தோல் காலணி, பனிமுள், பனிக்கோடரி, இடுப்புவார், தலைக்கவசம், கடுங்குளிர் உறக்கப்பை என மேலும் பல கிலோவைச் சேர்க்கிறார்கள். சுமையாளரின் சொந்தத் துணியும் போர்வையும் அவர் முதுகிலேதான் ஏறுகின்றன. ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் பொருளை மட்டும் கூட்டினால் வரம்பு எங்கே நிற்கும்? சிகரப் பயணத்தின் செலவுத் திட்டத்தில் கூடுதல் சுமையாளருக்கான கூலி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனிவீழ்ச்சியில் பனிச்சரிவு ஏற்பட்டு, நேபாளப் பணியாளர் 16 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உடனடி உதவியாக அரசு அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்னும் நிலையான மாற்று விகிதத்தில் அது 25,000 இந்திய ரூபாய். எதிர்ப்பு எழுந்த பின்னரே, உயர்மலைப் பணியாளருக்கான கட்டாய ஆயுள் காப்பீடு பத்து இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. அது எவரெஸ்ட், நாம் செல்வது சிறிய சிகரம் என்று ஒதுக்கிவிட வேண்டா. சிறிய சிகரத்திலும் கயிறு கட்டுபவர் நமக்கு முன்னே செல்கிறார்.

நம் காப்பீடும் நம் பொறுப்பே

சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மலையேற்றத்தை விலக்கிவிடும். நடைப்பயணத்திற்கென விற்கப்படும் காப்பீடுகளிலும் நான்காயிரம், ஐயாயிரம் மீட்டர் என்ற உயர வரம்பு உண்டு. ஆறாயிரத்தைத் தாண்டும் உயரம், கயிறு கட்டி ஏறுதல், ஹெலிகாப்டர் மீட்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பில் போலிக் கணக்கு காட்டிக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் பறித்த முறைகேடு 2018இல் வெளிப்பட்டு, நேபாள அரசே விசாரணை நடத்தியது. மிகக் குறைந்த விலைக்கு அழைத்துச் செல்லும் சிலருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த விசாரணை ஒரு விடை.

லுக்லா விமானங்கள் வானிலையால் நாள்கணக்கில் நின்றுபோவது வழக்கம். நெரிசல் மாதங்களில் காத்மாண்டுவிலிருந்து பல மணி நேரம் சாலையில் சென்று, ராமேச்சாப்பிலிருந்து பறக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு மூன்று உபரி நாட்களுக்கான செலவு திட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாதவர்தாம், வானிலை கெட்ட நாளிலும் சிகரம் ஏறியே தீர வேண்டும் என்று வழிகாட்டியை நெருக்குகிறார்.

சொல்லப்படும் சமாதானங்கள்

'சுமையாளருக்குக் கூலி கொடுப்பது நிறுவனத்தின் வேலை; நாம் ஏன் தலையிட வேண்டும்?' என்பார்கள். பணம் நம்முடையது, சுமை நம்முடையது, புகைப்படமும் நம்முடையது. கூலி பற்றிய கேள்வி மட்டும் அந்நியமாவது எப்படி? உழைத்தவனின் கூலியில் கைவைக்கலாகாது, அதைத் தாமதப்படுத்தலாகாது என்பது நம் சமுதாயத்திற்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடமன்று. இடைத்தரகர் ஒருவர் நடுவில் நிற்பதால் அந்த அமானிதம் நம் தோளிலிருந்து இறங்கிவிடாது.

'குறைந்த கூலியாயினும் வேலை கிடைக்கிறதே' என்பது இரண்டாவது சமாதானம். வேலையின் தேவை ஒருவனை எதற்கும் உடன்படச் செய்யும். அந்த உடன்பாட்டை நியாயத்தின் சான்றாகக் காட்டுவது, வறுமையைப் பயன்படுத்திக்கொண்டு அதற்கு நன்றியையும் எதிர்பார்ப்பதாகும்.

'விலை கூடினால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் செல்லவே முடியாதே' என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. அதற்கு வழிகளும் இருக்கின்றன. காலணியையும் பனிமுள்ளையும் விலைக்கு வாங்காமல் காத்மாண்டுவின் தாமெலிலோ சுக்குங்கிலோ வாடகைக்கு எடுக்கலாம். அனுமதிக் கட்டணம் குறைந்த இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நால்வராகச் சேர்ந்து குழுச் செலவைப் பகிரலாம். ஓராண்டு காத்திருந்து சேமிக்கலாம். அப்போதும் இயலாவிட்டால், சிகரத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கில் நடந்து திரும்பலாம். சிகரம் ஏறுவது எவருக்கும் கடமையன்று. கூலியை நிறைவாகக் கொடுப்பது கடமை.

'இத்தனை பணத்தை மலையில் கொட்டுவதே வீண்விரயமன்றோ?' என்று வேறொரு பக்கத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. உடலுறுதியும் மனவுறுதியும் வளர்க்கும் பயணத்தை முற்றாக விரயம் என்று நாம் சொல்லமாட்டோம். மலைவாழ் குடும்பங்களின் அடுப்பு எரிவதற்கும் அப்பணம் உதவுகிறது. ஆனால் அது உண்மையாகவே அவர்களைச் சென்றடைந்தால்தான் இவ்வாறு சொல்லும் தகுதி நமக்கு வரும்.

கணக்கை எந்த வரிசையில் எழுதுவது?

ஆகவே பிள்ளை பணம் கேட்டு வந்து நிற்கும்போது, 'எவ்வளவு?' என்ற கேள்வியோடு பெற்றோர் நிறுத்திக்கொள்ளலாகாது. தாளில் முதல் வரியாகப் பணியாளரின் கூலியும் அவர்களுடைய காப்பீடும் வரட்டும். இரண்டாவதாக ஓய்வு நாட்களும் உபரி நாட்களும். மூன்றாவதாக நம் மீட்புக் காப்பீடு. நான்காவதாக அனுமதியும் விமானமும். ஐந்தாவதாகப் பணியாளருக்கான அன்பளிப்புத் தொகை. இதைக் கடைசி நாள் சட்டைப்பையில் மிஞ்சியதிலிருந்து கொடுக்கலாகாது, முன்னரே உறையில் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஆடையும் கருவியும் கடைசி வரி. இன்று பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

முன்பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஒரு சுமையாளர் எத்தனை கிலோ சுமப்பார்? அவருடைய நாட்கூலி எவ்வளவு, எப்போது தரப்படும்? அவருக்குக் காப்பீடு உண்டா? இரவில் எங்கே உறங்குவார்? நோயுற்றால் அவரை யார், எவருடைய செலவில் கீழே இறக்குவார்கள்? இவற்றுக்கு நேரான விடை தரும் நிறுவனத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நட்டமன்று. விடை சொல்ல மறுக்கும் நிறுவனம் பாதி விலைக்கு அழைத்தாலும், அந்த வாசலில் நிற்காமல் திரும்பிவிடுங்கள்.