மதிப்பெண் வந்தது, வழி வந்ததா?

இதை நான் நாடகமாக எழுதினால், முதற்காட்சி சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூர். அந்தி நேரம். பட்டாசு ஆலையிலிருந்து திரும்பிய தாய், கையிலே படிந்த மருந்தைக் கழுவுகிறாள், கழுவிக்கொண்டே இருக்கிறாள், வெள்ளிச் சாயம் விட்டபாடில்லை. மகள் ஓடோடி வருகிறாள். கையிலே மதிப்பெண் பட்டியல், கண்ணிலே களிப்பு.

“அம்மா! தேறிவிட்டேன்! பள்ளியிலே இரண்டாம் இடம்!”

“என் தாயே! மேற்கொண்டு என்ன படிக்கவேண்டும்?”

மகள் மௌனமானாள். தாய் அறியாள்; மகளும் அறியாள்; அண்டை வீட்டாரும் அறியார்.

இரண்டாம் காட்சி. இரண்டு திங்கள் கழிந்த ஒரு காலை. ஆலை வண்டி வந்து நிற்கிறது. தாய் ஏறுகிறாள். பின்னாலேயே மகளும் ஏறுகிறாள். திரை விழுகிறது!

பாத்திரங்கள் கற்பனை. ஆனால் அந்த மௌனம் இருக்கிறதே, அது கற்பனையன்று. நானே அதற்குச் சான்று. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். உதவித்தொகை உண்டு என்பதும், அதற்கு மனுச் செய்ய ஒரு நாள் உண்டு என்பதும் அந்த நாள் கடந்த பிறகே என் செவிக்கு எட்டின. மேடை என்னைத் தாங்கிக்கொண்டது. எல்லோருக்குமா மேடை கிடைக்கும்?

விருதுநகர் மாவட்டம் படிப்பிலே பின்தங்கியதோ? இல்லை! 2023 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலே 97.85 விழுக்காடு தேர்ச்சி, தமிழ்நாட்டிலேயே முதலிடம்! அதே மாவட்டம்தான், 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட, வளர்ச்சிக்காகத் தனிக் கவனம் வேண்டும் மாவட்டங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. தேர்விலே முதல் வரிசை. வாழ்விலே கடைசி வரிசையா? இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு பாலம் உடைந்து கிடக்கிறது.

தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கிய பிஞ்சுக் கரங்களை நாடு மறந்துவிடவில்லை. சிவகாசிச் சிறாருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கிலே, 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்று. ஆலையிலிருந்து மீட்டுப் பள்ளியிலே அமர்த்திய பிள்ளை, பதினெட்டு வயதிலே வேறு வழியறியாமல் அதே ஆலைக்குத் திரும்புமானால், அதற்குப் பெயர் விடுதலையா? தவணை! வெறும் தவணை!

ஆலைத் தொழிலை இழிவென்று கூறவில்லை நான். அந்தக் கரங்களன்றோ நாட்டுக்கு ஒளியூட்டின! விரும்பி ஏறினால் அது தொழில். வேறு வண்டி தெரியாமல் ஏறினால் அது விதி என்பர். விதியை ஏற்க நாம் பிறக்கவில்லை.

சிவகாசி வளர்ந்த வரலாறே வழி தெரிந்துகொண்ட வரலாறுதானே? 1920-களின் தொடக்கத்திலே, வானம் பொய்த்த இந்த மண்ணிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. எங்கே போனால் எதைக் கற்கலாம் என்ற ஒரு செய்தி, ஒரு வட்டாரத்தையே வாழவைத்தது!

“மகள் கூலி நின்றால் அடுப்பு எரியுமா?” என்று தாய் கேட்பாள். அது பேராசையன்று; பசி போடும் கணக்கு. விடையைக் கையிலே வைத்துக்கொள்ளாமல் அவள் வாயிலிலே நின்று அறிவுரை பேசாதீர்கள்!

விடைகள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே பயின்றோர்க்கு, மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021-லும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளி மாணவியர் கல்லூரி செல்லத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-லேயே வந்தது. வழிகாட்டுவதற்கென்றே நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று பிறந்தது. திட்டம் தலைநகரிலே பிறக்கும். அதன் பயன் தெருவிலே அல்லவா பிறக்கவேண்டும்!

தெருவுக்கு உரியவர்கள் நீங்கள். படிப்பகத்தின் ஒரு மூலையிலே ஒரு மேசை போடுங்கள். இவ்வாண்டின் விதி என்ன, கடைசி நாள் எது என்று தலைமையாசிரியரைக் கேட்டறிந்து, பெரிய எழுத்திலே எழுதி ஒட்டுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே வாங்கித் தாருங்கள். பத்தாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் உண்டென்று கூறுங்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்ற மயக்கத்தையும் போக்குங்கள். நாட்காட்டி அச்சிடும் ஊர்ப் பிள்ளைக்கு, கிண்டிப் பொறியியல் கல்லூரியிலே அச்சுத் தொழில்நுட்பமே ஒரு பட்டப்படிப்பு என்பது தெரியவேண்டாமா?

வேதியியல் பயிலும் மகளையும் எண்ணிப் பாருங்கள்! 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு வேண்டுமென்றது. மருந்துக் கலவையே மாறவேண்டியதாயிற்று. அந்த மகள் நாளை ஆய்வுக்கூடம் புகுந்து, தாயின் உயிருக்கு ஊறு நேராத கலவையைக் காணலாகாதா? அன்று அவளும் ஆலைக்கு வருவாள். கூலியாக அல்ல, காவலாக!

விருதுநகரிலே காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியிலே நடந்த பள்ளி. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அவர்தாம், முதலமைச்சராகி 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். அன்று பிள்ளை பள்ளிக்கு வர அரிசி வேண்டியிருந்தது. இன்று பள்ளியைக் கடந்து செல்லச் செய்தி வேண்டியிருக்கிறது. வீட்டுக்கொரு பிடி செய்தி! கொண்டுபோய்க் கொடுக்க உங்களுக்குக் கால்கள் இல்லையா?

அடுத்த முறை அந்தத் தாய், “மேற்கொண்டு என்ன படிக்கவேண்டும்?” என்று கேட்கும்போது, மகள் மௌனமாகக் கூடாது. இரண்டாம் காட்சியை மாற்றி எழுதுங்கள், தோழர்களே! எழுதுகோல் உங்கள் கையில்!