ஒரு கார்டுக்கு ஒரு முகவரின்னு யார் சொன்னது?

'ஒரு நெட்வொர்க் கார்டுக்கு எத்தனை ஐபி முகவரி கொடுக்கலாம்?' வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் உங்களில் பலர் யோசிக்காமல் 'ஒண்ணு சார்' என்றுதான் சொல்வீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. புத்தகத்தில் வரும் படங்களில் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் பக்கத்தில் ஒரு முகவரி. லேப்பில் பார்ப்பதும் அதேதான். வருஷக்கணக்கா அதையே பார்த்தால், முகவரி என்பது கார்டோடு ஒட்டிப் பிறந்த ஒன்று என்ற எண்ணம் மனசுல உட்கார்ந்துடும்.

சரியான பதில்: ஒன்றும் கொடுக்கலாம், பத்தும் கொடுக்கலாம், நூறும் கொடுக்கலாம். புது கார்டு வேண்டாம், புது கேபிள் வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. இதை நம்ம லேப்பில் ஒரு பயிற்சியாகவே செய்யணும் என்பதுதான் என் கோரிக்கை. 'இது ஒரு சின்ன செட்டிங், இதுக்கு ஒரு கட்டுரையா?' என்று கேட்பீங்க. செட்டிங் சின்னதுதான். அது உடைக்கிற தப்பான எண்ணம் பெரிசு.

நம்ம மாவட்டமே உதாரணம்

சங்கராபுரத்தில் 1990-ல் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்குங்க. கட்டியபோது அதன் முகவரியில் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்டது. வீடு ஒரு அடி நகரவில்லை, கதவும் அதே கதவுதான். ஆனால் பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டம், அப்பாவின் ஓட்டர் ஐடியில் இன்னொரு மாவட்டம், நீங்கள் புதுசா வாங்கிய சான்றிதழில் வேறொரு மாவட்டம். மாவட்டம் பிரிந்த மறுநாளே எல்லாரும் எல்லா இடத்திலும் பேரை மாத்திட முடியுமா? முடியாது. அதனால் கொஞ்ச காலத்துக்கு பழைய முகவரியும் செல்லும், புது முகவரியும் செல்லும். இரண்டில் எதைப் போட்டு எழுதினாலும் கடிதம் அதே கதவுக்கு வரணும்.

நெட்வொர்க்கிலும் அப்படித்தான். ஒரு அலுவலகத்தில் 60 கம்ப்யூட்டர், 5 பிரிண்டர், ஒரு சர்வர். எல்லாமே 192.168.1 வரிசையில் இருக்கு. அதை 10.10.5 வரிசைக்கு மாத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒரே ராத்திரியில் 60 மெஷினையும் மாத்துவது நடக்கிற காரியமில்லை. சர்வரில் இருக்கும் அந்த ஒரே கார்டுக்கு பழைய முகவரியோடு புது முகவரியையும் சேர்த்துக் கொடுத்துட்டால் போதும். மாறாத மெஷின்கள் பழைய வழியில் வரும், மாறியவை புது வழியில் வரும். கடைசி பிரிண்டர் மாறிய அன்னிக்கு பழைய முகவரியை எடுத்துடலாம். நடுவில் யாருடைய வேலையும் நிற்காது.

உள்ளே நடப்பது என்ன?

தொழிற்சாலையில் கார்டுக்குள் எழுதி வருவது மேக் முகவரி. ஐபி முகவரி அப்படியில்லை. அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் ஒரு பட்டியல். 'இந்த கார்டு வழியா வர்ற பாக்கெட்டில் இந்த இந்த முகவரி இருந்தால் அது எனக்குத்தான்' என்று கெர்னல் எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியல். பட்டியலில் ஒரு வரி இருக்கலாம், பத்து வரியும் இருக்கலாம்.

பக்கத்து மெஷின் '192.168.20.1 யாரு?' என்று ஏஆர்பி மூலமா கேட்டால், உங்கள் கெர்னல் தன் பட்டியலைப் பார்த்து 'நான்தான், என் மேக் இது' என்று சொல்லும். '192.168.30.1 யாரு?' என்று கேட்டாலும் அதே மேக்கைத்தான் சொல்லும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஏஆர்பி-யை நாம ஏற்கனவே படிச்சிருக்கோம், பரீட்சையில் பக்கம் பக்கமா எழுதியும் இருக்கோம். அதிலிருந்து இந்த அடுத்த படிக்குப் போகாமல் விட்டுட்டோம்.

பாடத்திட்டம் காட்டாதது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் லேப்பின் முதல் பயிற்சியே சில கட்டளைகளைப் பழகுவதுதான். டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், ஐஎஃப்கான்ஃபிக், என்எஸ்லுக்அப், டிரேஸ்ரூட். நல்ல பட்டியல். ஆனால் ஐஎஃப்கான்ஃபிக்கில் ஒரு சிக்கல் இருக்கு. லினக்ஸில் இப்போது நடைமுறையில் இருக்கும் 'ஐபி' கட்டளையைக் கொண்டு ஒரு கார்டுக்கு லேபிள் எதுவும் வைக்காமல் மூன்று முகவரி கொடுங்க. பிறகு ஐஎஃப்கான்ஃபிக் அடிச்சுப் பாருங்க. ஒரே ஒரு முகவரிதான் தெரியும். மற்ற இரண்டும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், பிங் போகும், பதில் வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

இது யாரோ கண்டுபிடித்த ரகசியம் இல்லை. முன்பு 'ஈத்0:1' என்று தனிப் பெயர் வைத்துத்தான் இரண்டாவது முகவரி கொடுப்பார்கள். அந்த முறை காலாவதியானது, பழசோடு ஒத்துப்போவதற்காக மட்டும் வைத்திருக்கிறோம் என்று லினக்ஸ் கெர்னலின் ஆவணமே சொல்லுது. 2017-ல் வந்த டெபியன் 9-லிருந்து ஐஎஃப்கான்ஃபிக் தானாக இன்ஸ்டால் ஆவதும் இல்லை. நாம மட்டும் அதோட ஸ்கிரீன்ஷாட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டி கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம். ஒரு முகவரியை மட்டும் காட்டும் கருவியில் படிச்சா, ஒரு முகவரிதான் உண்டு என்று நம்பத்தானே செய்வோம்?

ஒரு பீரியடில் முடியும் பயிற்சி

இரண்டு லேப்டாப், நடுவில் ஒரு கேபிள். இன்டர்நெட் தேவையே இல்லை.

முதல் லேப்டாப்பில் 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளையால் 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1 என்று மூன்று முகவரி கொடுங்க, மூன்றுக்கும் 24 பிட் மாஸ்க். இரண்டாவதில் 192.168.20.2 மட்டும். இப்போது பிங் பண்ணுங்க. 20.1 பதில் சொல்லும், 10.1-க்குப் போகாது. ஏன் என்று யோசிங்க. பிறகு இரண்டாவது லேப்டாப்புக்கும் 192.168.10.2 சேர்த்துட்டு மறுபடி பிங் பண்ணுங்க. பக்கத்திலேயே வயர்ஷார்க் ஓடட்டும். இரண்டு முகவரிக்கும் ஒரே மேக் பதிலாக வருவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீங்க.

அடுத்து, முதல் லேப்டாப்பில் பைத்தானின் சின்ன வெப் சர்வரை 10.1-ல் 8000-ம் போர்ட்டில் ஓட்டுங்க. இன்னொரு ஃபோல்டரிலிருந்து அதே 8000-ம் போர்ட்டில் 20.1-க்கு இன்னொன்றை ஓட்டுங்க. 'போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கு' என்ற எரர் வராது. சாக்கெட் என்பது போர்ட் மட்டும் இல்லை, முகவரியும் போர்ட்டும் சேர்ந்தது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்குமே, அது இப்போதான் புரியும்.

கடைசியா கேபிளைப் பிடுங்குங்க. எல்லா முகவரியும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். இதுவும் பாடம்தான். முகவரி பல, வழி ஒன்று. இதனால் வேகம் இரட்டிப்பாகாது, ஒன்று போனால் இன்னொன்று காப்பாத்தாது, பாதுகாப்பும் தானா வந்துடாது.

தப்பா ஏதாச்சும் பண்ணிட்டோமோன்னு பயமா? ரீஸ்டார்ட் பண்ணினால் இப்படிக் கொடுத்த முகவரியெல்லாம் போயிடும். கேபிளும் இன்னொரு லேப்டாப்பும் இல்லையா? லினக்ஸில் 127.0.0.2, 127.0.0.3 என்று லூப்பேக் வரிசை முழுக்கவே உங்கள் மெஷினுக்குத்தான் சொந்தம். வெள்ளிமலையில் சிக்னல் இல்லாத வீட்டில் உட்கார்ந்தும் அந்த இரண்டு வெப் சர்வர் சோதனையைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். காலேஜ் நெட்வொர்க்கில் உங்கள் இஷ்டத்துக்கு முகவரி சேர்க்காதீங்க. அது ஏற்கனவே இன்னொருத்தரிடம் இருந்தால் அவருடைய இணைப்பு விட்டு விட்டு வரும். ஆபீஸ் பிரிண்டரோ பரீட்சை சர்வரோ அந்த முகவரியில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசிச்சுக்குங்க.

'இதெல்லாம் பழசு பாஸ், இப்ப கிளவுட்'

இந்த பதிலை எதிர்பார்த்தேன். அதில் பாதி உண்மை இருக்கு. ஒரு காலத்தில் ஒரே சர்வரில் நாலு ஹெச்டிடிபிஎஸ் தளம் நடத்தணும்னா நாலு ஐபி வேணும். எஸ்என்ஐ வந்த பிறகு அந்தத் தேவை போச்சு, ஒரு முகவரியிலேயே நூறு தளம் நடத்தலாம். ஆனால் கிளவுடில் இந்த விஷயம் ஒழிஞ்சுடுச்சா என்றால், அங்கேதான் அதிகமா இருக்கு.

அமேசான் கிளவுடில் குபர்னெட்டிஸ் ஓட்டினால், அவர்களுடைய வழக்கமான நெட்வொர்க் பிளக்இன் ஒவ்வொரு பாடுக்கும் முகவரி எங்கிருந்து எடுக்குது தெரியுமா? கார்டின் கூடுதல் முகவரிகளிலிருந்துதான். டி3 மீடியம் மெஷினில் 3 கார்டு போடலாம், கார்டுக்கு 6 முகவரி. ஒவ்வொரு கார்டிலும் முதல் முகவரி கார்டுக்கே போயிடும். மீதி 15. மெஷினுடைய சொந்த முகவரியிலேயே ஓடும் பாடுகளுக்காக 2 சேர்த்தால் 17. அந்த மெஷினில் வழக்கமா அதிகபட்சம் 17 பாட் என்பதன் கணக்கு இதுதான். 'ஏன் 18-வது பாட் ஏறலை?' என்று இன்டர்வியூவில் கேட்டால், கார்டுக்கு ஒரு முகவரி என்று நினைப்பவரால் பதில் சொல்ல முடியாது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். உங்கள் ஃபோனில் ஐபிவி6 இருக்கும் வைஃபையில் இணைந்துட்டு முகவரிகளைப் பாருங்க. எஃப்ஈ80 என்று தொடங்கும் உள்ளூர் முகவரி ஒன்று, வெளியுலகத்துக்கு ஒன்றோ இரண்டோ, கூடவே ஒரு ஐபிவி4. ஐபிவி6-ல் ஒரு கார்டுக்குப் பல முகவரி என்பதுதான் சாதாரண நிலை. உங்கள் பாக்கெட்டில் நடப்பது உங்கள் ரெக்கார்டு நோட்டில் இல்லை.

நம்ம ஊர் வேலைக்கும் இது உதவும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் கடைகளுக்கு சிசிடிவி மாட்டும் வேலையை பார்ட் டைமா பண்றவங்க உங்களிலேயே இருப்பீங்க. கடையில் ஜியோ ஃபைபர் ரூட்டர், அது பெரும்பாலும் 192.168.29 வரிசை. பெட்டியிலிருந்து எடுத்த கேமரா 192.168.1.64 மாதிரி ஏதோ ஒரு முகவரியில் வருது. வழக்கமா என்ன பண்றாங்க? ரூட்டரைக் கழட்டி, லேப்டாப் முகவரியை மாத்தி, கேமராவை செட் பண்ணி, மறுபடி எல்லாத்தையும் மாத்தி மாட்டறாங்க. அதுவரைக்கும் கடைக்காரருக்கு பில்லிங் நின்னுடும். லேப்டாப்புக்கு 192.168.1.200 என்று இரண்டாவது முகவரி சேர்த்தால் கேமராவும் தெரியும், நெட்டும் இருக்கும். விண்டோஸிலும் முடியும். முகவரியை கையால் கொடுத்துட்டு, அட்வான்ஸ்டு பட்டனுக்குள் போய் இன்னொன்றைச் சேர்க்கணும். கேட்வே மட்டும் ஒன்றுதான் இருக்கட்டும். இரண்டு கேட்வே கொடுத்தால் பாக்கெட் எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

முகவரி ஆள் இல்லை

இதுவரை சொன்னதெல்லாம் வேலைக்கான காரணங்கள். எனக்கு முக்கியமான காரணம் வேற.

ஒரு கார்டுக்கு ஒரு முகவரி என்று நம்புகிற மனசு, அடுத்து ஒரு முகவரிக்கு ஒரு மெஷின் என்று நம்பும். அதற்கடுத்து ஒரு மெஷினுக்கு ஒரு ஆள். 'இந்த ஐபியிலிருந்து வந்திருக்கு, அப்போ இவன்தான்.' ஹாஸ்டல் வைஃபை சண்டையிலிருந்து போலீஸ் விசாரணை வரைக்கும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம்.

2007-ல் பெங்களூரில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் ஊழியரை, ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாக புனே போலீஸ் கைது செய்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு ஐபி முகவரி. அந்த முகவரி அவருடையது என்று இணைய நிறுவனம் கொடுத்த விவரமே தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் 50 நாள் சிறையில் இருந்துட்டார்.

அன்றைவிட இன்று நிலைமை சிக்கலானது. உலகத்தின் ஐபிவி4 கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோச்சு. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்குது. ஒரு பக்கம் ஒரு கார்டுக்கு பத்து முகவரி, இன்னொரு பக்கம் ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு கூட்டம். எந்த நேரம், எந்த போர்ட், எந்த மெஷின் என்று சேர்த்துப் பார்க்காமல் முகவரியை மட்டும் வைத்து யாரையும் கை காட்ட முடியாது.

இன்னும் சில வருஷத்தில் உங்களில் ஒருத்தர் ஏதோ ஒரு கம்பெனியில் லாக் ஃபைலைப் பார்த்து 'இவர்தான்' என்று ரிப்போர்ட் எழுதும் இடத்தில் இருப்பீங்க. அந்த ரிப்போர்ட்டால் ஒருத்தருக்கு வேலை போகலாம். தன் கையால் ஒரு கார்டுக்கு மூன்று முகவரி கொடுத்துப் பார்த்தவர், எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கூடுதலா சரிபார்ப்பார் என்று நான் நம்புறேன்.

அதனால், இந்த செமஸ்டரில் உங்கள் லேப் சாரிடமோ மேடத்திடமோ கேளுங்க. பாடத்திட்டத்தை மாத்தச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பயிற்சியில் ஐஎஃப்கான்ஃபிக் பக்கத்தில் 'ஐபி' கட்டளையையும் சேர்த்து, ஒரே ஒரு பீரியட் கேபிளோடு விடச் சொல்லுங்க. விடலைன்னா, ஹாஸ்டல் ரூமில் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைங்க. ஒரு மணி நேரம் போதும்.