பாதிச் சிலையும் முழு உண்மையும்

கற்றதைக் கூறுதல் எளிது. கூறியதை மெய்ப்பித்தல் அரிது. மெய்ப்பிக்கும் அரும்பணிக்கே தம் வாழ்நாளை ஈந்தவர், துருக்கியின் முதல் பெண் தொல்லியலாளர் எனப் போற்றப்பெறும் ஜாலே இனான் அம்மையார்.

1914ஆம் ஆண்டு பிறந்த இவருடைய தந்தையார் அஸீஸ் ஓகான், இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் இயக்குநராகத் திகழ்ந்தவர். செர்மனியில் தொல்லியல் பயின்ற அம்மையார், உலகப்போரின் நடுவே 1943இல் முனைவர் பட்டம் பெற்றார். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆரிஃப் முஃபித் மன்செல் அவர்களுடன் பணியாற்றி, 1946 முதல் தென்கடற்கரையின் பெர்கே, சிதே ஆகிய தொன்னகரங்களில் அகழாய்வு செய்தார். சிதேயில் பாழ்பட்டுக் கிடந்த உரோமானியர் குளியல் மாளிகை அருங்காட்சியகமாக மாறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1980இல் பெர்கேயில் ஒரு சலவைக்கல் சிலையின் கீழ்ப்பாதி கிடைத்தது. களைத்து நிற்கும் ஹெர்குலிஸின் சிலை அது. மேற்பாதி எங்கே? 1981 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தது! இரண்டும் ஒரே சிலையின் கூறுகள் என்று அம்மையார் எடுத்துரைத்தார். ஐயங்கள் எழுப்பப்பட்டன. 1992இல் இரு பாதிகளின் சாந்து வார்ப்புகளையும் பொருத்திப் பார்த்தனர். அவை பொருந்தின. ஆயினும் மேற்பாதி தாயகம் திரும்பியது 2011இல்தான். அம்மையாரோ 2001இலேயே மறைந்துவிட்டார்.

“கலை உலகப் பொதுச்சொத்து, எங்கிருந்தால் என்ன?” என வினவுவோர் உளர். கலையின் அழகு பொதுவாகலாம். அதன் வரலாறு அது கிடந்த மண்ணோடு பிணைந்தது. எந்தச் சுவரருகே, எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்னும் குறிப்பு இல்லையேல், சிலை வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். திருடன் சிலையை மட்டும் கொண்டு செல்வதில்லை. அதன் வரலாற்றையும் அழித்துவிட்டே செல்கிறான்.

அரசு வழக்காடலாம், இதழ்கள் முழங்கலாம். ஆனால், அவற்றுக்கெல்லாம் வலுவூட்டியது முறையான அகழாய்வில் கிடைத்த கீழ்ப்பாதியே. வெயிலில் நின்று மண்ணைத் துழாவி, ஒவ்வொரு துண்டையும் குறித்துவைக்கும் உழைப்புக்குக் கைதட்டல் குறைவு, பயனோ பெரிது.

மாணவ மணிகளே! பயனைக் காணுமுன் காலம் முடிந்துவிடலாம் என்று அஞ்சி, எடுத்த பணியைக் கைவிடாதீர்கள். அன்டாலியா அருங்காட்சியகத்தில் ஒன்றிணைந்த அச்சிலை, அம்மையார் காணாது சென்ற வெற்றி. எனினும் அது அவருடைய வெற்றியே.