மலைத்தொடர் ஒன்று, ஒழுங்கும் ஒன்றாக வேண்டும்

கோடை விடுமுறை நெருங்கினால் சுற்றுலா விளம்பரங்களில் ஒரே வழித்தடம் திரும்பத் திரும்ப வரும். மைசூரில் தொடக்கம், பந்திப்பூர், முதுமலைக் காடுகள் வழியாக உதகை, அங்கிருந்து மூணாறு, தேக்கடி, கடைசியில் ஆலப்புழையில் ஓர் இரவு படகு வீடு. ஐந்து இரவு, ஆறு பகலில் மலையும் காடும் காயலும் பார்த்துவிடலாம் என்பது வாக்குறுதி. இந்த வழித்தடத்தின் நீளம் சுமார் 600 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலைச்சாலை. உதகையிலிருந்து மூணாறு போக மட்டும் ஒரு பகல் கரைந்துவிடும். பார்க்கப் போன ஊரில் நிம்மதியாக இருந்த நேரம் குறைவு, வண்டிக்குள் கழித்த நேரம் அதிகம் என்ற நிலையில்தான் பல குடும்பங்கள் வீடு திரும்புகின்றன.

இந்த இடங்களுக்கு மக்கள் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் உழைக்கும் குடும்பம் நான்கு நாள் குளிர்ந்த காற்றைத் தேடிப் போவது அதன் உரிமை. ஆனால், அதிக இடங்களைக் குறைந்த நாட்களில் தனி வாகனத்தில் ஓடி முடிக்கும் இந்த முறை மலைகளின் தாங்குதிறனைக் கடந்துவிட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று அரசுகளும் இந்த வழித்தடம் முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதி, தனி வாகனங்களுக்குப் பொதுவான வரம்பு விதிக்க வேண்டும். அந்த வரம்போடு சேர்த்தே, மலையேறப் போதிய பேருந்துகளையும் விட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயன் இல்லை.

கட்டுப்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். கோடைப் பருவத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற விவரம் முன்வைக்கப்பட்ட பிறகு, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்ததால், அது ஒரு கணக்கெடுப்பாகவே நடந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் தரப்பட்டது. பின்னர் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது.

நீதிமன்றத்தின் இந்த அக்கறையை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். அதேவேளை, இதன் போதாமையையும் சொல்லியாக வேண்டும். ஒரு மலையில் இடம் இல்லை என்றால் வண்டி வீட்டுக்குத் திரும்புவதில்லை. அடுத்த மலைக்குப் போகிறது. உதகைக்குப் பாஸ் கிடைக்காதவருக்கு வயநாடும் மூணாறும் ஏற்காடும் இருக்கின்றன. கட்டுப்பாடு ஊர் ஊராக, வழக்கு வழக்காக வந்துகொண்டிருக்கும் வரை நெரிசல் இடம்தான் மாறும். நீதிமன்றம் தள்ளித் தள்ளி அரசுகள் ஓரடி எடுத்துவைக்கும் நிலை இனியும் தொடரக் கூடாது.

இயற்கை இந்த இடங்களைத் தனித்தனியாக வைக்கவில்லை. நீலகிரியில் பிறக்கும் மோயாறு, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் சேர்கிறது. மூணாறில் ஓடும் முதிரப்புழை, பெரியாற்றில் கலக்கிறது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீரில்தான் தேக்கடியின் படகுகள் ஓடுகின்றன. தேனி முதல் ராமநாதபுரம் வரை வயல்களும் அந்த நீரையே எதிர்பார்த்திருக்கின்றன. கேரளத்து மலைகளிலிருந்து இறங்கும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. மலையில் மண் சரிந்தால் காயல் தூர்ந்துபோகும். மலையூரின் கழிவு சமவெளியின் குடிநீரில் வந்து சேரும். 1986-ல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டபோது, அதன் எல்லை மூன்று மாநிலங்களுக்குள்ளும் விரிந்தது. அந்த அறிவியல் புரிதல் நாற்பது ஆண்டுகள் ஆகியும் சுற்றுலாக் கொள்கைக்கு வந்து சேரவில்லை.

காட்டுச் சாலைகளின் நிலையைப் பாருங்கள். பந்திப்பூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் தொடர்ந்து இறந்ததால் 2009-ல் வந்த தடை இது, நிலைத்தும் நிற்கிறது. ஆனால், ஒரே நாளில் மைசூரு அரண்மனையையும் பார்த்து, உதகை விடுதிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போட்ட வண்டி, வாசல் மூடுவதற்குள் காட்டைக் கடக்க மாலையில் பறக்கிறது. யானைகள் தண்ணீர் தேடிச் சாலையைக் கடக்கும் நேரமும் அதுதான். பகலிலோ, சாலையோரம் யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கும் வழக்கம் பெருகிவிட்டது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையோடு படம் எடுக்கப் போய், துரத்தப்பட்டு மிதிபட்டவர் உயிர்பிழைத்தார். அவருக்குக் கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. காட்டில் ஒரு நாளாவது பொறுமையாக இருக்க நேரம் உள்ளவர் வழிகாட்டியின் சொல் கேட்டுக் காத்திருப்பார். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பவரே சாலையில் இறங்குகிறார்.

இந்த அவசரத்துக்காக எழுந்த கட்டடங்களும் யானைகளின் வழியிலேயே நின்றன. நீலகிரியின் சீகூர் பகுதியில் உள்ள யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகளை அகற்றும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழித்தடத்தைப் பாதுகாக்கும் தமிழ்நாடு அரசின் அறிவிக்கை 2020 அக்டோபரில் உறுதிசெய்யப்பட்டது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது தீப்பற்றிய டயர் வீசப்பட்டு அது இறந்தது. அந்தக் கொடுமைக்குக் கை நீட்டியவர்கள் சிலர்தான். ஆனால், யானையின் பாதையில் விடுதி நடத்த விட்டது யார் என்ற கேள்வி நிர்வாகத்தை நோக்கியே கேட்கப்பட வேண்டும்.

பயணத்தின் கடைசி நிறுத்தமான காயலும் தப்பவில்லை. வேம்பநாடு 2002-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் படகு வீடுகளாக மாறியபோது அது ஆலப்புழைக்குப் புது வாழ்வு தந்தது உண்மை. ஆனால், படகுகளின் எண்ணிக்கை காயல் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று ஆய்வுகள் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகின்றன. வேம்பநாடு, அஷ்டமுடி ஏரிகள் மாசுபடுவதைத் தடுக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. காயலை ஒட்டி, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் குட்டநாட்டில், சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீருக்குக் குடங்களோடு காத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. விருந்தினர் ஓர் இரவு தங்கிப் போகும் அதே நீரில்தான் அவர்கள் நித்தமும் வாழ்கிறார்கள்.

நெரிசலும் அவசரமும் மனித உயிர்களையும் பறித்திருக்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர், பலர் குழந்தைகள். அதே ஆண்டு செப்டம்பரில், உதகையைச் சுற்றிப்பார்த்துவிட்டுத் தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிய பேருந்து குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் பாய்ந்தது. ஒவ்வொரு விபத்துக்கும் தனிக் காரணம் உண்டு, விசாரணைகளும் நடந்தன. ஆனால், ஓட்டுநரின் ஓய்வு என்ற பொதுவான கேள்வி அப்படியே இருக்கிறது. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பதைப் பொது வரம்பாக வைத்தது. ஆறு பகல் பயணத்தில் அந்த வரம்பை யார் பார்க்கிறார்கள்? குடும்பம் அறையில் உறங்க, கொட்டும் பனியில் இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிட்டு, காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை பேரின் உயிரையும் கையில் பிடித்து இறங்குபவர் அந்த ஓட்டுநர். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியது நல்ல செயல். அது எல்லா விடுதிகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும். அண்டை மாநிலங்களும் பின்பற்ற வேண்டும்.

நல்ல வழியை நாம் எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. இதே வழித்தடத்திலேயே இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1990-களின் இறுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், காட்டில் புகுந்து வயணா மரப்பட்டை வெட்டி விற்றவர்கள் வழக்குகளிலிருந்து விடுபட்டு, காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மூங்கில் தெப்பப் பயணமும், காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கும் நடைப்பயணமும் சிறு குழுக்களாக அவர்கள் துணையோடு நடக்கின்றன. வருமானம் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போகிறது. காட்டுக்குக் காவலும் கிடைக்கிறது.

மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவும் பாடம் சொல்கிறது. பயணிகள் பார்க்கும் பகுதியான ராஜமலைக்குத் தனி வாகனங்கள் போக முடியாது. சோதனைச் சாவடியில் இறங்கி வனத்துறைப் பேருந்தில்தான் ஏற வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவே மூடப்படுகிறது. இதனால் மூணாறின் வணிகம் படுத்துவிடவில்லை. நீலகிரியில் 2022-ல் தொடங்கிய, மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டமும் பலன் தந்தே பிற மாவட்டங்களுக்கும் பரவியது. விதி தெளிவாகவும் எல்லாருக்கும் பொதுவாகவும் இருந்தால் மக்கள் ஒத்துழைப்பார்கள்.

எதிர்ப்புக் குரல்களையும் நாம் கேட்கிறோம். வாகன வரம்பைக் கண்டித்து 2025 ஏப்ரலில் நீலகிரி வணிகர்கள் கடையடைத்தார்கள். சிறுகடை வைத்திருப்பவரின் அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்வது அரசின் கடமை. பதில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கார்களில் வரும் ஐம்பது பேர் ஒரே பேருந்தில் வந்தால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறைவதில்லை. சாலைதான் காலியாகிறது. ஓர் இரவு தங்குபவர் மூன்று இரவு தங்கினால், விடுதிக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் காய்கறி விளைவிப்பவரும் அதிகம் சம்பாதிப்பார்கள். வரம்பு வாகனத்துக்குத்தான் வேண்டும், மனிதருக்கு வேண்டாம்.

கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை இதனாலேயே நாம் ஏற்கவில்லை. அது மலையைப் பணக்காரர்களின் தோட்டமாக்கிவிடும். காசு உள்ளவரின் பெரிய கார் ஏறும். கடையத்திலிருந்தும் கரூரிலிருந்தும் வரும் எளிய குடும்பம் அடிவாரத்தில் நிற்கும். பேருந்து ஒன்றே எல்லாருக்கும் சமமான வாசல்.

ஆகவே நாம் கோருவது இவற்றைத்தான். முதலாவதாக, மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான ஒரே முன்பதிவுத் தளம் வேண்டும். எந்த மலையில் எந்த நாளில் எத்தனை வாகனத்துக்கு இடம் உண்டு என்பது பயணத்தைத் திட்டமிடும்போதே தெரிய வேண்டும். இரண்டாவதாக, மேட்டுப்பாளையம், கூடலூர், வத்தலக்குண்டு, போடிநாயக்கனூர், குமுளி போன்ற நுழைவூர்களில் வாகன நிறுத்துமிடங்களும், அங்கிருந்து காலை முதல் இரவு வரை அரசுப் பேருந்துகளும் வேண்டும். முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் தனி வசதி இருக்க வேண்டும். மூன்றாவதாக, காயலில் புதிய படகு வீடுகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தி, இருக்கும் ஒவ்வொரு படகின் கழிவும் கரையில் சேகரிக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். நான்காவதாக, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, பெரியாற்றில் போலப் பழங்குடியினருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் வேலையாகவும் வசதியாகவும் போய்ச் சேர வேண்டும். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் நிலச்சரிவு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடி 70 உயிர்களைப் பறித்தது. இறந்தோரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பயணிகள் படம் எடுக்கும் பச்சைச் சரிவுகள் அவர்களின் உழைப்பு. பாதுகாப்பான வீடு அவர்களுக்கு முதலில் வேண்டும்.

இவை மூன்று அரசுகளால் ஆகாத காரியமா? 2024 மே மாதத்தில் தென்மாநிலங்கள் ஒரே நாட்களில் காட்டுக்குள் இறங்கி யானைகளைக் கணக்கெடுத்தன. எல்லை தெரியாத யானையைச் சேர்ந்து எண்ண முடிகிறவர்களுக்கு, சோதனைச் சாவடியில் நின்று பதிவெண் காட்டும் வாகனத்தைச் சேர்ந்து எண்ணுவது கடினமில்லை. அடுத்த கோடைக்குள் மூன்று முதலமைச்சர்களும் அமர்ந்து பேசி இதைத் தொடங்க வேண்டும்.

மக்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஆறு ஊர்ப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் தங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு நடங்கள், அந்த ஊர்க் கடையில் சாப்பிடுங்கள், பேருந்தில் ஏறுங்கள். அரசு விதியை வகுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு ஊர் கேட்கும் வாடிக்கையாளர் குறைந்தால் ஆறு ஊர் விற்கும் நிறுவனங்களும் தாமாக மாறும். அந்த மாற்றம் நம் ஒவ்வொருவரின் வீட்டிலும் பயணத் திட்டம் போடும் வேளையில் தொடங்கட்டும்.